கன்று சுகமோ?

உரும்பிராயில் போய்க் குணலட்சுமி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் உடனே பிடிபடாது. பம்பு திருத்துகிற சிவசுப்பிரமணியத்தின் இளைய மகள் என்று சொன்னால், "ஓ, அவளோ" என்று கையைக் காட்டுவார்கள். தகப்பன் செத்துக் கனகாலம். ஆனாலும் அந்தப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் பாதி அவர் கைபட்ட பம்பால் இறைத்தவை என்பதால் பெயர் இன்னும் ஓடுகிறது. அவருக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் கேதீஸ்வரன் கனடாவில். இளையவள் இவள். சிவசுப்பிரமணியத்தோடு கூடப்பிறந்தவள் ஒருத்திதான், அருமைநாயகி. அவள் நீர்வேலியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய புருசனின் தமக்கை கோப்பாயில், தமக்கையின் மருமகள் பகுதி இருபாலையில், அந்த மருமகளின் தாய்மாமன் குடும்பம் திரும்பவும் உரும்பிராயில், குணலட்சுமியின் வேலிக்கு அடுத்த வேலி. ஆகவே அருமைநாயகி மாமி முகத்தைத் திருப்பினால் நாலு ஊர் முகத்தைத் திருப்பும். இந்தக் கதைக்கு இவ்வளவு இனசனம் தெரிந்தால் போதும்.

குணலட்சுமி கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி, சீனி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அந்தக் கிளையை மூடினபோது அவளுக்கு நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. வீட்டை ஒட்டிய காணி அண்ணனின் பங்கு. "சும்மா கிடக்குது, எதையாவது வைச்சுப் பிழை" என்று அவன் எப்போதோ சொல்லியிருந்தான். அதில் அவள் முதலில் மிளகாய் வைத்தாள், பிறகு கத்தரி. பிறகு பார்த்தால் காயைவிடக் கன்று கேட்டு வருகிறவர்கள்தான் கூட. கறுப்புப் பைகளில் செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து நிரப்பி, தேசி, கறிவேப்பிலை, கொய்யா, ஒட்டு மா, செவ்வரத்தை என்று அடுக்கத் தொடங்கினாள். பச்சை வலை கட்டி நிழல் போட்டாள். கணவன் குகதாசன் பலாலி வீதியில் ஓடுகிற மினிபஸ்ஸில் கொண்டக்டர். கன்றுகளுக்கு அவன் எதிரியல்ல. ஆனால் பகிடி விடாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

அந்த வருடம் ஆடியில், சிறுதொழில் செய்கிற பெண்களுக்கு என்று ஒரு பயிற்சி வைத்தார்கள். கொழும்பிலிருந்து றொகான் என்று ஒரு பெடியன் வந்து படிப்பித்தான். கைத்தொலைபேசியில் முகநூல் பக்கம் திறப்பது, படம் பிடிப்பது, பதிவு எழுதுவது, காசு கட்டிப் பதிவைத் தூரத்துக்கு அனுப்புவது எல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்தான். கடைசி நாள் அவன் சொன்னது இது: "அக்காமார், பதிவு போடுறது அரைவாசி வேலை. கீழை ஆக்கள் கேட்கிறதுக்கு மறுமொழி சொல்லுறது மற்ற அரைவாசி." குணலட்சுமி முதல் அரைவாசியை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். மற்ற அரைவாசி நேரம் முடிகிற அவசரத்தில் காதோடு போய்விட்டது.

ஆவணியில் நல்ல நாள் பார்த்துத் திறப்பு விழா வைத்தாள். பக்கத்துக்கு 'உரும்பிராய்க் கன்றுகள்' என்று பெயர். வாழை கட்டி, நிறைகுடம் வைத்துப் படம் பிடித்து, 'அனைவரும் வருக' என்று பதிவு போட்டாள். காசும் கட்டினாள். விருப்பம் போட்டவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். ஒரு கடகம் நிறைய வடை சுட்டாள், பெரிய சருவத்தில் சர்பத் கரைத்தாள்.

அன்று வந்தது யார் என்று கேட்டால், வழி தவறின ஒரு கூரியர்காரன், சிலாபத்துக்குக் கன்று அனுப்புவீர்களா என்று கேட்கவந்த ஒரு மனிதர், பக்கத்து வீட்டு நாய். நீர்வேலி இல்லை, கோப்பாய் இல்லை, இருபாலை இல்லை. வேலிக்கு அடுத்த வேலிக்காரி கூட உடுப்புக் காயப்போடுகிற சாட்டில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குகதாசன் நாலாவது வடையைக் கையில் எடுத்தான். "இஞ்சேர், அந்த ஆயிரம் லைக்கையும் சாக்கிலை கட்டித் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டு போவமே?"

"சும்மா இருங்கோ. முதல் நாள் இப்பிடித்தான்."

அவள் வாய் அப்படிச் சொன்னது. கை சர்பத்தைக் கொய்யாக் கன்றின் அடியில் ஊற்றப் போய், சீனி என்று நினைவு வந்து நின்றது.

ஒரு கிழமை போகவில்லை, கனடாவிலிருந்து அண்ணன் தொலைபேசி எடுத்தான். சுகம் கேட்டான், குரலில் ஈரமில்லை. "குணம், அந்த வெட்டைக் காணியைக் கலியாண மண்டபக்காரர் கேக்கினம். வாகனம் விட இடம் வேணுமாம். தைப்பொங்கல் மட்டும் பொறுக்கச் சொல்லியிருக்கிறன்."

"அண்ணை, நான் அங்கை கன்று வைச்சிருக்கிறன்."

"கண்டனான். போனிலை கண்டனான்" என்றான் அவன். "அது ஒரு இடமாய் எழும்புதோ எண்டு தைக்குப் பாப்பம்." அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

குணலட்சுமி தொலைபேசியைக் கையில் வைத்தபடி பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. ரோசம்தான் வந்தது. தைக்கு முதல் இது ஆட்கள் வந்துபோகிற இடமாக எழும்ப வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தாள். அடுத்த நாளே வேலையைத் தொடங்கினாள். விடிய எழும்பி வெயில் ஏறுமுன் படம் பிடித்தாள். நாளுக்கு ஒரு பதிவு. ஒட்டுக்கட்டுகிறதை வீடியோ எடுத்தாள். கத்தி படத்தில் தெரியவில்லையென்று திரும்பவும் எடுத்தாள். பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏற ஏற அதைப் படமாக்கி அண்ணனுக்கு அனுப்பினாள். அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினான். சொல் ஒன்றும் வரவில்லை. கட்டாரிலும் சுவிசிலும் இருக்கிறவர்கள் 'அருமை' என்று எழுதினார்கள். கன்று தூக்கிக்கொண்டு போக அங்கிருந்து யார் வருவது?

புரட்டாதிக் கடைசியில் ஒரு நாள், ஒட்டு மாங்கன்றுப் படத்துக்குக் கீழே அருமைநாயகி மாமி எழுதினாள். மாமிக்கு எழுபத்தைந்து வயது. தொலைபேசி அவள் மடியில் வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் கிடக்கும்.

'கன்று எல்லாம் வடிவு. உலகத்துக்கே சொன்னனி பிள்ளை. நீர்வேலி உலகத்திலை இல்லைப் போலை.'

அதற்குக் கீழே கோப்பாய் வந்தது: 'எங்களுக்கு நெட் இருக்கு, காலும் இருக்கு, சொல்லத்தான் ஆள் இல்லை.' இருபாலை ஒரு சிரிப்பு முகம் போட்டது. அடுத்த வேலிக்காரி, 'நான் வேலிக்கு மேலாலை பாத்தனான், வடை மணந்தது' என்று எழுதினாள்.

குகதாசன் பஸ்ஸில் இருந்தபடியே பார்த்துவிட்டு எடுத்தான். "அழி, அழி! ஊர் உலகம் எல்லாம் பாக்குது. உன்ரை மாமியைப் புளொக் பண்ணு."

குணலட்சுமி அழிக்கப் போன விரலை நிறுத்தினாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள், எப்படி மறந்தாள்? பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியச் சடங்கென்றால், ஒரு புதுவீட்டுக் குடிபூரல் என்றால், அழைப்புக் காட் அடித்து அனுப்பிவிட்டால் போதுமா? புருசனும் பெண்சாதியுமாக வெளிக்கிட்டு, வாசலுக்குப் போய், இருந்து, தேத்தண்ணி குடித்து, 'கட்டாயம் வந்திடுங்கோ' என்று வாயால் சொல்ல வேண்டும். அடுத்த வேலியாக இருந்தாலும் சுற்றிப் போய் வாசல் படலையால் நுழைந்து சொல்ல வேண்டும். வேலிக்கு மேலால் சொன்னால் அதுவே குறை. அவளோ சிலாபத்தானுக்கும் மாமிக்கும் ஒரே பதிவில் சொல்லியிருந்தாள். மாமிக்கு அது அழைப்பாகப் படவில்லை. தெருவில் ஒட்டின விளம்பரமாகப் பட்டிருந்தது.

அவள் எல்லோரும் பார்க்கவே பதில் எழுதினாள்.

'மாமி, பிழை என்னிலை. வாசலுக்கு வந்து சொல்லியிருக்கோணும். நாளைக்கு வாறன். பேசுறதெண்டால் நேரிலை பேசுங்கோ. வடையும் கொண்டு வாறன்.'

மற்ற நாள் போனாள். மாமி பேசினாள், நன்றாகவே பேசினாள். "கொப்பர் இருந்தால் இப்பிடி நடக்குமோ? அந்த மனுசன் பம்பு பூட்டப் போற வீட்டிலையே எங்கடை வீட்டு விசேசத்தைச் சொல்லிப்போட்டு வரும்!" பேசி முடித்து வடையைத் தின்றாள். "உப்புக் குறைவு" என்றாள். கன்று வாங்குகிறேன் என்று சொல்லவில்லை. குணலட்சுமியும் கேட்கவில்லை. அங்கிருந்து கோப்பாய், அங்கிருந்து இருபாலை. கடைசியாக அடுத்த வேலிக்காரி வீட்டுக்குச் சுற்றிப் போய்ப் படலையால் நுழைந்தாள். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி குடித்து அன்றிரவு சோறு வேண்டாம் என்றாள்.

அந்த மாமி சண்டைதான், பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அறியாத ஆட்களை வாய் திறக்க வைத்தது. 'அக்கா, மாமி ஆறிட்டாவோ?' என்று கேட்டார்கள். 'வடைக்கு உப்புக் குறைவாம்' என்று அவள் எழுதினாள். சிரித்தவர்கள் அப்படியே தங்கள் கன்றுகளைப் பற்றியும் கேட்கத் தொடங்கினார்கள். றொகான் சொன்ன மற்ற அரைவாசி அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. இனி ஒருவரும் படலையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகக்கூடாது என்று முடிவு கட்டினாள். கேட்டவர் பெயரைச் சொல்லி, ஊரைக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாள். விளக்கம் பெரிதென்றால் அடுத்த நாள் பதிவாகவே போட்டாள். நீட்டுக்கு எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை அவள் கேட்கவில்லை. தன் கன்றைப் பற்றி எழுதினால் எவ்வளவு நீளமென்றாலும் ஆள் படிக்கும்.

திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிக் கம்பசில் படிக்கிற மதுரா என்ற பிள்ளை ஒருத்தி கறிவேப்பிலைக் கன்று வாங்கிப் போயிருந்தாள். இலை மஞ்சளாகிறது என்று எழுதினாள்.

'என்னத்திலை வைச்சனீங்கள் பிள்ளை?'

'பெயின்ற் வாளியிலை அன்ரி.'

'அடியிலை ஓட்டை போட்டனீங்களோ?'

'இல்லை அன்ரி. தரை நனையுமெண்டு வீட்டுக்கார அம்மா பேசுவா.'

'ஓட்டை போட்டுக் கீழை ஒரு கோப்பையை வையுங்கோ. அவ பேசினால் முதல் குழம்புக்கு இலை அவவுக்கெண்டு சொல்லுங்கோ.'

ஒரு கிழமை கழித்து, ஒருவரும் கேளாமலே, குணலட்சுமி திரும்ப எழுதினாள்: 'கன்று சுகமோ?'

மதுரா இளம் தளிரைப் படம் எடுத்துப் போட்டாள். அந்தக் கேள்வி அதோடு நிற்கவில்லை. கன்று கொண்டுபோன எல்லோரிடமும் கேட்டாள். பெண் கொடுத்த வீட்டுக்குப் போய் விசாரிக்கிற மாதிரி. ஆட்கள் படம் படமாகப் போட்டார்கள். செத்துப்போன கன்றையும் ஒளிக்காமல் போட்டார்கள். செத்தது ஏன் என்று அவள் சொன்னாள். தன்னுடைய எரு கூடிவிட்டதென்றால் அதையும் சொன்னாள். மாரி மழை பிடித்தது, கன்று நடுகிற காலம். ஒரு பின்னேரம் குகதாசன் வேலை முடிந்து வந்து தொப்பென்று கதிரையில் இருந்தான்.

"இண்டைக்கு என்ரை பஸ்ஸிலை கம்பஸ் பெட்டையள் ஒரு கூட்டம். எங்கை இறங்கிறதெண்டு கேக்க, 'கன்று சுகமோ அன்ரி வீட்டடியிலை' எண்டுதுகள். நான் கொண்டக்டர் குகதாசன். இருபது வருசமாய் இந்த றோட்டிலை ஓடுறன். என்ரை வீட்டுக்கு இப்ப உதுதான் பேர்."

"ரிக்கற் எடுத்தனீங்களோ?"

"அன்ரியின்ரை மனுசன் எண்டு தெரிஞ்சாப் பிறகு கேக்கேலுமே?"

அடுத்த கிழமை அவனே பஸ்ஸில் இரண்டு கன்றை ஏற்றிக்கொண்டுபோய்க் கோண்டாவிலில் இறக்கிக் கொடுத்தான். பகிடி மட்டும் குறையவில்லை.

மார்கழியில், இடம் எழும்பிவிட்டது என்று அவள் நெஞ்சு கொஞ்சம் ஆறியிருந்த நேரம், மண்டபக்காரரின் ஆட்கள் நாடாவோடு வந்தார்கள். "கனடா அண்ணை அளக்கச் சொன்னவர்" என்றார்கள். நாலு மூலையிலும் தடித்த கம்பு அறைந்து சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார்கள். ஒரு கம்பு தேசிக் கன்றுகளுக்கு நடுவில், ஒரு பையைச் சரித்துக்கொண்டு நின்றது.

குணலட்சுமி சரிந்த பையை நிமிர்த்தினாள். கம்பில் கைவைக்கவில்லை. அது அண்ணன் காணியில் அண்ணன் நட்ட கம்பு. ஆனால் அவளுக்கு விளங்கவில்லை. தைக்குப் பார்ப்போம் என்றானே? ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள், படம் படமாய் அனுப்பினேனே, இன்னும் என்ன பார்க்கவேண்டும்?

எது வந்தாலும் பொங்கிப் பார்ப்பது என்று நினைத்தாள். தைப்பொங்கலுக்கு எல்லோரும் தங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பார்கள். ஆகவே அடுத்த நாள் காலையில் காணியில் ஒரு பொங்கல். "பட்டிப்பொங்கல் அண்டைக்கோ?" என்றான் குகதாசன். "எங்கடை பட்டியிலை மாடு இல்லை, கன்றுதான் நிக்குது." பேசிக்கொண்டே சட்டையைப் போட்டான். இம்முறை இரண்டு பேருமாக வெளிக்கிட்டு, முதல் படலையாக நீர்வேலிக்குப் போனார்கள்.

மாமி சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள். பாக்கை வெட்டிக்கொண்டே, "கொண்ணைக்குச் சொன்னனியோ?" என்றாள்.

"அண்ணைக்கு எல்லாம் தெரியும் மாமி. கிழமைக்குக் கிழமை படம் அனுப்புறனான்."

"நான் அனுப்பினதைக் கேக்கேல்லை."

மாமி பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தத் திறப்பு விழாவை அவனும் எங்களைப் போலை போனிலைதானே பாத்தவன்" என்றாள் மாமி. "தன்ரை காணியிலை வாழை கட்டி நிக்குது. கண்ட நிண்டவைக்கெல்லாம் 'அனைவரும் வருக' எண்டு கிடக்குது. தனக்கு ஒரு சொல்லு இல்லை. எனக்கு எடுத்து, 'மாமி, நானும் அந்த அனைவரிலை ஒராளோ' எண்டு கேட்டவன். நான் என்னத்தைச் சொல்ல? எனக்கும் சொல்லேல்லையே!"

திரும்பி வருகிற வழியில், கனடாவுக்கு எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று குகதாசன் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தான்.

அடுத்த நாள் விடியற்காலை, கனடாவில் அவன் வேலையால் வந்து சாப்பிட்டிருக்கிற நேரம் பார்த்து, குணலட்சுமி கன்றுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எடுத்தாள். வீடியோவில் எடுக்கவில்லை, காணியைக் காட்டி இரக்கம் தேடக்கூடாது என்று.

"அண்ணை, நான் குணம். பக்கத்தைப் பற்றிக் கதைக்க எடுக்கேல்லை. பொங்கலுக்கு அடுத்த நாள் உங்கடை காணியிலை பொங்கப் போறம். கட்டாயம் வரோணும் எண்டு சொல்லத்தான் எடுத்தனான்."

அந்தப் பக்கம் கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் என்ன கொடிகாமத்திலையோ இருக்கிறன், பஸ் ஏறி வர?"

"வரேலாது எண்டு தெரியும். சொல்லுறதைச் சொல்லோணும்தானே."

"உதை ஆவணியிலை சொல்லியிருக்கலாம்."

"ஓம். சொல்லேல்லை. உங்கடை காணியிலை நிண்டு ஊருக்குச் சொன்னன், உங்களுக்குச் சொல்லேல்லை. பிழை பிழைதான்." அவள் மூச்சை எடுத்தாள். "இன்னொண்டும் கேளுங்கோ அண்ணை. இந்தப் பிழையைச் சொல்லிக் காணியைக் கேக்க வரேல்லை. உங்கடை காணி, குடுக்கிறதெண்டால் குடுங்கோ. என்ரை கன்று எல்லாம் பையிலைதான் நிக்குது. தூக்கிக்கொண்டு போய் வீட்டுக் கோடியிலை வைப்பன், இடம் காணாட்டில் றோட்டுக்கரையிலை வைப்பன். ஆனால் கன்று வைக்கிறதை விடமாட்டன். அதையும் உங்களுக்குப் போனிலை எழுதாமல் வாயாலை சொல்லோணும் எண்டு நினைச்சன்."

"அப்பரைப் போலைதான் கதைக்கிறாய்" என்றான் அவன். பிறகு, "சரி, வைக்கிறன்" என்றான். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு அடுத்த நாள் காலை, மூன்று கல்லை வைத்துப் பானை ஏற்றினபோது நீர்வேலி வந்தது, கோப்பாய் வந்தது, இருபாலை இரண்டு ஓட்டோவில் வந்தது. அடுத்த வேலிக்காரி சுற்றிப் படலையால் வந்தாள். அவள் பெயர் சொல்லி எழுதிக் கூப்பிட்ட முகநூல் பக்கத்து ஆட்களும் வந்தார்கள். மதுரா தன் வீட்டுக்கார அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்தாள். சிவப்புத் துணிக் கம்பு நாலும் அந்தச் சனத்துக்கு நடுவில் நின்றன. ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, எல்லோரும் பார்த்தார்கள்.

பால் பொங்கிச் சரிகிற நேரம் மாமியின் மடியில் தொலைபேசி அடித்தது. கேதீஸ்வரன். வீடியோவில்.

"மாமி, போனைச் சுத்திக் காட்டுங்கோ."

மாமி சுற்றிக் காட்டினாள். பானை, சனம், கன்று வரிசை, ஆகாயம், தன் மூக்கு.

"அந்தக் கம்பு ஏன் இன்னும் நிக்குது?"

"நீங்கள் நடச் சொன்ன கம்பு அண்ணை" என்றாள் குணலட்சுமி, பக்கத்தில் வந்து நின்று. "நான் தொடேல்லை."

"இப்ப தொடு. மண்டபக்காரருக்கு நேற்று எடுத்துச் சொல்லிப்போட்டன்."

அவள் போய்த் தேசிக் கன்றுகளுக்கு நடுவில் நின்ற கம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். மழையில் ஊறின செம்மண், முதலில் விட மறுத்தது. குகதாசன் உதவ வந்தான். "விடுங்கோ" என்று சொல்லித் தானே இழுத்தாள். வந்தது.

"எறிஞ்சு போடாதை" என்றது தொலைபேசி. "அதிலையே எனக்கெண்டு ஒரு கறுத்தக்கொழும்பான் மாங்கன்று வை. இந்தக் கம்பை அதுக்கு முட்டுக் குடுத்துக் கட்டு. இடைக்கிடை சுகம் விசாரிப்பன்."

"விசாரியுங்கோ" என்றாள் அவள், கம்பில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு. "நான் மறுமொழி சொல்லாமல் விடுறேல்லை."

பிறகு மண்வெட்டி எங்கே என்று கேட்டாள்.